ரயில் நேரமும் மஷூராவும்: தாமிரபரணிப் பாதையின் வரலாறு தரும் பாடம்



எங்கள் ஊராகிய விக்கிரமசிங்கபுரத்திற்கு ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் பேருந்தைப் பிடித்து அம்பாசமுத்திரம் செல்ல வேண்டும். ஆதலால் அம்பாசமுத்திரத்தில் காலை ஆறரைக்கு ஒரு ரயில் என்றால், எங்களுக்கு அது ஐந்தரைக்கே தொடங்கிவிடுகிறது. ரயிலின் நேரம் அரை மணி முன்னே பின்னே நகர்ந்தால் நிலையத்தின் அருகில் வாழ்பவருக்கு அது சிறு சிரமம். எங்களுக்கோ அந்த நாளே கைநழுவிப் போகிறது.

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து நாம் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தபோது ஒரு தந்தை வந்து பேசினார். அவருடைய மகள் திருநெல்வேலியில் கல்லூரிக்குச் செல்கிறாள். பேருந்தைவிட ரயிலில் கட்டணம் குறைவு. ஆனால் மாலை ரயில் அவளைக் கொண்டுவந்து இறக்கும் நேரத்தில், ஊருக்கு வரும் பேருந்து புறப்பட்டுப் போயிருக்கும். அடுத்த பேருந்துக்கு அவள் இருட்டில் காத்து நிற்க வேண்டும். "ஹஜ்ரத், இந்த நேரத்த எல்லாம் யாரு முடிவு பண்ணுதாங்க? நம்மகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றார் அவர். அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

பாதை வந்த கதை

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தின் நீர்விசையை நம்பி எங்கள் ஊரில் நூற்பாலை அமைத்தபோது இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் இல்லை. பஞ்சு வருவதும் நூல் போவதும் சாலை வழியேதான். ஆலைச் சங்கே ஊரின் கடிகாரமாக இருந்தது. சங்கொலி கேட்டு எழுந்தவர்கள், சங்கொலி கேட்டு உலை வைத்தவர்கள் நம் பாட்டனார்களும் பாட்டிமார்களும்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருநெல்வேலியிலிருந்து மேற்கே பாதை போட்டது. 1902-இல் அது கல்லிடைக்குறிச்சி வரை வந்தது. ஆற்றின் மறுகரையில் இருந்த அம்பாசமுத்திரத்தைத் தாண்டி 1903-இல் செங்கோட்டையை எட்டியது. 1904-இல் மலையைக் குடைந்து, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்திற்கும் இணைப்புக் கிடைத்தது. பாண்டி நாட்டுப் பஞ்சும் நெல்லும் மேற்கே செல்லவும், மலையாள நாட்டு மிளகும் தேங்காயும் கிழக்கே வரவும் வழி திறந்தது.

அந்தப் பாதையின் முதல் கால அட்டவணை எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றியது என்பது சிந்திக்கத் தக்கது. அன்று இந்திய ரயில்கள் 'மதராஸ் நேரம்' என்ற கணக்கில் ஓடின. 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. நம் பள்ளிவாசல்களோ சூரியனைப் பார்த்தே தொழுகை நேரத்தைக் கணித்துவந்தன. இன்றும் பொதுக் கடிகாரம் பன்னிரண்டைக் காட்டிச் சராசரியாக 20 நிமிடம் கழிந்த பிறகே நம் பகுதியில் சூரியன் உச்சி சாய்கிறது. ஆக, ரயிலின் நேரம் முதல் நாளிலிருந்தே வெளியூரில் குறிக்கப்பட்டு நமக்கு அனுப்பப்பட்ட நேரமாகத்தான் இருந்திருக்கிறது. நாடு முழுவதும் ஒரே கணக்கில் ரயில் ஓட அப்படி ஒரு பொது நேரம் அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடிகாரம் பொதுவாக இருக்கலாம். எந்த மணிக்கு எந்த ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்பதை அவ்வூர் மக்களே அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் எவரும் அதை அறிய முடியாது.

கேட்கும் வழக்கம் தோன்றியது எப்போது?

கம்பெனி ஆட்சியில் பயணிகளைக் கேட்கும் வழக்கம் இல்லை. மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துச் சென்ற ஏழைகளின் அவலத்தைக் காந்தியடிகள் 1917-இல் எழுதினார். இந்திய ரயில்வேயை ஆராய வில்லியம் அக்வொர்த் தலைமையில் அமைந்த குழு 1921-இல் தன் அறிக்கையைத் தந்தது. ரயில்வே நிர்வாகம் பொதுமக்களின் குரலைக் கேட்பதற்கு ஆலோசனை மன்றங்கள் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அதன் பின்னர் உள்ளூர் ஆலோசனைக் குழுக்கள் தோன்றின.

1944-இல் தென்னிந்திய ரயில்வே அரசுடைமை ஆயிற்று. 1951-இல் தெற்கு ரயில்வே உருவானது. 1953-இல் பழைய ஆலோசனைக் குழுக்களின் இடத்தில் ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கோட்டத்திற்கு ஒன்று, மண்டலத்திற்கு ஒன்று, நாடு முழுமைக்கும் ஒன்று என அவை இன்றும் இருக்கின்றன. நம் பாதை மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. வணிகர் சங்கங்கள், பயணிகள் சங்கங்கள், மக்கள் பிரதிநிதிகள் ஆகியோர் சார்பில் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ரயில் நேரம், நிறுத்தம், நிலைய வசதி ஆகியவற்றை அவர்கள் கூட்டத்தில் எழுப்பலாம்.

அந்தத் தந்தையின் கேள்விக்கு முதல் விடை இதுதான். கேட்பதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் அது ஆலோசனை சொல்லும் அமைப்பே தவிர, முடிவெடுக்கும் அமைப்பு அன்று. புதிய கால அட்டவணையின் வரைவை ஊர் ஊராக வெளியிட்டு, மக்கள் கருத்தைப் பெற்ற பின்பே அதை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் ரயில்வேயைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேருக்கு அக்குழுவில் நம் பகுதி சார்பாக யார் இருக்கிறார் என்று தெரியும்? நமக்கும் அந்தத் தந்தை கேட்கும் வரை தெரியாது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்படுவதைவிட, இனியேனும் அறிந்துகொள்வது மேல்.

மூடிய ஆண்டுகளும் திறந்த பின்னும்

நூறாண்டு ஓடிய மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக, 2008-இன் இறுதியில் திருநெல்வேலி – தென்காசி ரயில் நிறுத்தப்பட்டது. 2010 செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையும் மூடப்பட்டது. கிழக்கே ரயில் மீண்டும் ஓடியது 2012 செப்டம்பரில். மலைப்பாதை முழுமையாகத் திறந்ததோ 2018-இல்தான்.

கிழக்கே நான்கு ஆண்டு, மேற்கே ஏழெட்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறையின் பழக்கத்தையே மாற்றிவிடக்கூடிய காலம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் லெப்பைமார் குடும்பங்கள், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுவோர், வீரவநல்லூர் நெசவாளர்கள், கேரளத்தில் கடை வைத்திருக்கும் தென்காசிப் பக்கத்துச் சகோதரர்கள் அனைவரும் பேருந்துக்கு மாறினார்கள். ரயில் நேரத்தை ஒட்டி அமைந்திருந்த வேலை, படிப்பு, மருத்துவமனைப் பயணம் எல்லாம் வேறு நேரத்திற்கு நகர்ந்தன. பாதை மீண்டும் திறந்தபோது நிலையங்கள் புதிதாயின; தண்டவாளம் அகலமாயிற்று. மாறிப்போன அந்த வாழ்க்கையின் நேரங்களை எவரும் கணக்கெடுக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பாலருவி விரைவு ரயில் 2017-இல் புனலூருக்கும் பாலக்காட்டிற்கும் இடையே ஓடத் தொடங்கியது. கொல்லம், கோட்டயம், எறணாகுளம் பகுதிகளில் காலையில் வேலைக்குச் செல்வோருக்கு அது உயிர்நாடி ஆயிற்று. மலைப்பாதை திறந்த பின் 2018-இல் அது திருநெல்வேலி வரை நீட்டிக்கப்பட்டது. 2024-இல் தூத்துக்குடி வரையிலும் நீண்டது. நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதன் நேரம் ஏற்கெனவே மறுபுறத்து அலுவலக நேரத்திற்குக் கட்டப்பட்டுவிட்டது. எனவே அந்த ரயில் நம் பள்ளத்தாக்கையும் மலையையும் இரவில்தான் கடக்கிறது. இதில் எவர் மீதும் குற்றம் இல்லை. கேரளச் சகோதரர்களின் தேவையும் தேவைதான். ஒரு பாதையில் இரு மக்கள் வாழும்போது, முதலில் கேட்கப்பட்டவரின் நேரம் அட்டவணையில் அமர்ந்துவிடுகிறது. பின்னால் வந்தவருக்கு எஞ்சிய நேரம் கிடைக்கிறது. அவ்வளவே.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் ரயில்கள் நின்றன. அவை திரும்ப வந்தபோது பல இடங்களில் பாசஞ்சர் ரயில்கள் விரைவு ரயில் கட்டணத்துடன் வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியது. அதே காலத்தில் நாடு முழுவதற்கும் கால அட்டவணையை அடியிலிருந்து புதிதாக வகுக்கும் பணியும் மும்பை ஐ.ஐ.டி.யின் துணையுடன் நடந்தது. ரயில்களின் வேகத்தைக் கூட்டுவதும் பராமரிப்புக்கு நேரம் ஒதுக்குவதும் அதன் நோக்கங்கள். நல்ல நோக்கங்களே. ஆயினும் பயணிகள் குறைவு என்று சிறு நிலையங்களின் நிறுத்தங்கள் பல இடங்களில் நீக்கப்பட்டபோது, பயணிகள் ஏன் குறைந்தார்கள் என்று அங்கே இறங்கிக் கேட்க ஆள் இல்லை.

ஒரு நேரத்தைப் பற்றிய மஷூரா

மார்க்கம் கற்பிக்கும் நமக்கு இந்த இடத்தில் மதீனாவின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரத்திற்குப் பின் தொடக்க நாள்களில் தொழுகைக்கு அழைப்பு என்று ஒன்று இல்லை. முஸ்லிம்கள் நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணித்துக் கூடுவார்கள். இது சிரமமாக இருக்கவே, ஒரு நாள் இதைப் பற்றிப் பேச அமர்ந்தார்கள். மணி அடிக்கலாம் என்றார் ஒருவர். கொம்பு ஊதலாம் என்றார் மற்றொருவர். ஒரு மனிதரை அனுப்பி அழைக்கச் செய்யலாமே என்றார்கள் உமர் (ரலி). எழுந்து அழைக்குமாறு பிலால் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். பாங்கின் சொற்கள் அப்துல்லாஹ் இப்னு ஜைத் (ரலி) அவர்களின் கனவில் காட்டப்பட்ட செய்தியும் அறிவிப்புகளில் உண்டு.

தொழுகையின் நேரங்கள் இறைவன் வகுத்தவை. அவற்றில் ஆலோசனைக்கு இடமில்லை. மக்களை அந்த நேரத்திற்கு எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதில் ஆலோசனை நடந்தது. வஹீ இறங்கும் அவையிலேயே, சாதாரணத் தோழர்களின் கருத்துகள் ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டன. மூன்றாம் அத்தியாயம் ஆலு இம்ரானில் கலந்தாலோசிக்கும்படி நபியவர்களுக்கே கட்டளை வருகிறது. 'ஷூரா' என்றே ஓர் அத்தியாயத்திற்குப் பெயர் அமைந்திருக்கிறது. இதை நாம் பயானில் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் மஷூரா என்பதைப் பள்ளிவாசல் வரவு செலவுக்கும் திருமணப் பேச்சுக்கும் உரியதாகச் சுருக்கிவிட்டோம். ஊரின் சாலைக்கும் தண்ணீருக்கும் ரயிலுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்தோமா?

பிற நாடுகளில்

1962-இல் பிரிட்டனில் வந்த சட்டம், ஒரு பாதையையோ நிலையத்தையோ மூடும் முன் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றும், பயனாளர்கள் ஆட்சேபம் தெரிவித்தால் அதற்குரிய குழு விசாரிக்க வேண்டும் என்றும் விதித்தது. அடுத்த ஆண்டே ரிச்சர்ட் பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. விசாரணைகள் நடந்தன. ஆனால் மக்களுக்கு நேரும் கஷ்டத்தைப் பற்றி மட்டுமே அக்குழுக்கள் பேசலாம். ரயில்வே காட்டிய கணக்கைக் கேள்வி கேட்க இயலாது. முடிவு அமைச்சரின் கையில் இருந்தது. சில பாதைகளில் முதலில் ரயில் நேரங்களை எவருக்கும் உதவாதபடி மாற்றி, பயணிகள் குறைந்த பின் அதையே காரணமாகக் காட்டினார்கள் என்ற குறை அந்நாட்டில் இன்றும் பேசப்படுகிறது. தண்டவாளத்தைப் பெயர்க்காமலே, நேரத்தை மாற்றியே ஒரு பாதையைச் சாகடிக்க முடியும் என்பது இதன் பாடம்.

சுவிட்சர்லாந்தில் வேறொரு வழக்கம் உண்டு. அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையின் வரைவு ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகிறது. எந்த ஊர்க்காரரும் கருத்து எழுதலாம். அவற்றை மாநில நிர்வாகங்கள் பெற்று, ரயில் நிறுவனங்களுடன் பேசுகின்றன. டிசம்பரில் புதிய அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. கேட்ட அனைத்தும் கிடைத்துவிடுவதில்லை. ஆனால் நேரம் உறுதியாவதற்கு முன்பே கேட்கிறார்கள். உறுதியான பின்பு மனு கொடுக்கும் நிலையில் மக்களை வைப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நிர்வாகத்தை மட்டும் குறை கூறி இக்கட்டுரையை முடிப்பது நீதியன்று. அட்டவணை போடுவோருக்கும் நெருக்கடி உண்டு. நம் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரு ரயில்கள் குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று விலகிச் செல்ல முடியும். அம்பாசமுத்திரத்தில் ஒரு ரயிலைப் பத்து நிமிடம் தள்ளினால் அது பாவூர்சத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ வேறொரு ரயிலைக் காக்க வைக்கும். ஒரே பெட்டித் தொடர் ஒரு நாளில் பல ரயில்களாக ஓடுகிறது. தண்டவாளப் பராமரிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும். மலைப்பகுதியில் ஏற்றமும் வளைவும் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. இவற்றை அறியாமல் 'எங்களுக்கு ரயில் வேண்டும்' என்று மட்டும் எழுதும் மனு கோப்பில் தூங்கிவிடும்.

எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர், எந்த நாள்களில், எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்குடன் செல்லும் மனுவை எளிதில் ஒதுக்க முடியாது. இந்தக் கணக்கை எடுக்க நம் மஹல்லாக்களைவிட நல்ல அமைப்பு எது? சந்தா ஏட்டில் வீட்டுக்கு வீடு பெயர் வைத்திருக்கிறோம். அதே ஏட்டின் பின்பக்கத்தில் பயண நேரத்தையும் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

அப்படி எழுதும்போது திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆண்களை மட்டும் கேட்டு முடித்துவிடக் கூடாது. கல்லூரி செல்லும் பெண் பிள்ளையை, பிரசவத்திற்கு மருத்துவமனை செல்லும் தாயை, பீடி சுற்றிக் கொடுத்துவிட்டு வரும் மூதாட்டியைக் கேட்க வேண்டும். நம் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் பெருங்கூட்டமும், பொட்டல்புதூர் முஹ்யித்தீன் ஆண்டவர் பள்ளிவாசல் கந்தூரிக்கு வரும் இரு சமயத்து மக்களும் இதே ரயில்களில்தான் வருகிறார்கள். கந்தூரியின் நாள் பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. அதை நாம் முன்கூட்டியே எழுதித் தந்தாலன்றி மதுரையில் அமர்ந்திருக்கும் அதிகாரி எப்படி அறிவார்?

2019-இல் தென்காசி தனி மாவட்டமான பின் இந்தப் பாதை இரு மாவட்டங்களில் ஓடுகிறது. அம்பாசமுத்திரம் வரை திருநெல்வேலி மாவட்டம். அதைத் தாண்டியதும் தென்காசி மாவட்டம். ஆளுக்கொரு நிறுத்தம் கேட்டு ஊருக்கொரு மனு கொடுத்தால் ஒன்றின் கோரிக்கை மற்றொன்றின் நேரத்தைத் தின்னும். பேட்டை முதல் செங்கோட்டை வரை உள்ள ஜமாஅத்துகளும் ஊர்ச் சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து, எது அனைவருக்கும் முதல் தேவை என்று தங்களுக்குள் முடிவு செய்து, ஒரே மனுவாகக் கோட்ட மேலாளருக்கும் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும். புதிய அட்டவணை வெளிவரும் முன்பே கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதும் மஷூராவின் ஒரு பகுதி என்பதை மறக்கக் கூடாது. ரயில் நேரத்தை மாற்ற முடியாத இடத்தில், பேருந்தைப் பதினைந்து நிமிடம் தாமதிக்கச் சொல்லிப் போக்குவரத்துக் கழகத்திடம் கேட்கலாம். அந்த மாணவியின் சிரமம் தீர அதுவே போதுமானதாக இருக்கலாம்.

சென்ற வாரம் அந்தத் தந்தையை மீண்டும் கண்டோம். நேரத்தைக் குறிப்பவர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், அவர்கள் நம்மைக் கேட்கவில்லை, நாமும் கேட்கும்படி சொல்லவில்லை என்று விடை கூறினோம். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப மொதப் பேரா எம் மவ பேர எழுதுங்க ஹஜ்ரத்" என்றார். எழுதிக்கொண்டோம். ஏட்டில் இன்னும் இடம் நிறைய இருக்கிறது.

நம் காரியங்களை ஒருவரையொருவர் கலந்து செய்யும் நற்பண்பை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. வெளியே சென்ற பிள்ளைகள் இருட்டும் முன் வீடு திரும்ப அவன் வழி செய்வானாக. ஆமீன்.